பாய் அகலப் பயணம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

சிங்கப்பூரில் இருக்கும் அக்காவைப் பார்க்கப் போகவேண்டும். மதுரையிலிருந்தே நேரடி விமானம் இருக்கிறது. ஆனால் அது குடிக்கும் எரிபொருளை நினைத்தால் மனம் உறுத்துகிறது. உலகத்திலேயே சிக்கனமான வாகனம் கப்பல்தான் என்று படித்தேன். அந்தக் காலம்போல நிதானமாகக் கடலில் போனால் பூமிக்கு நல்லதுதானே? கடல் ஒத்துக்கொள்ளாது, வாந்தி வரும் என்று வீட்டில் பயமுறுத்துகிறார்கள்.

பொன்மணி, திருமங்கலம்

அன்புள்ள பொன்மணி,

வாந்தியை விடுங்கள், அதற்கு மாத்திரை இருக்கிறது. ‘அந்தக் காலம்போல’ என்று போகிறபோக்கில் எழுதிவிட்டீர்களே, அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. கொஞ்ச நாளாகவே என் மனசு பழைய பினாங்குக் கப்பல்களைச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

முதலில் கணக்கு. நீங்கள் படித்தது சரக்குக் கப்பலைப் பற்றி. அது உண்மைதான். ஆனால் அரிசி மூட்டைக்குக் கட்டில் வேண்டாம், கக்கூஸ் வேண்டாம், குளிக்கத் தண்ணீர் வேண்டாம். மனுஷனுக்கு எல்லாம் வேண்டும். அத்தனையையும் கப்பல்தான் சுமக்கவேண்டும். 1969 முதல் அட்லாண்டிக்கைக் கடந்துகொண்டிருந்த ‘குயின் எலிசபெத் 2’ கப்பலின் எடை சுமார் 49,000 டன், பயணிகள் 1,777 பேர். வகுத்துப் பாருங்கள், தலைக்கு 27 டன்னுக்கு மேல் வரும். நம் மதுரையில் வந்து இறங்கும் ஏர்பஸ் ஏ320, எண்ணெய், ஆள், பெட்டி படுக்கை எல்லாம் சேர்த்து அதிகபட்சம் 78 டன். 180 பேர் ஏறலாம். தலைக்கு 430 கிலோ. ஒரே ஒரு ஆள் அக்கரை சேர, அங்கே 27 டன் நகரவேண்டும், இங்கே அரை டன்கூட இல்லை. அதுவும் காற்றைவிட 800 மடங்கு அடர்ந்த தண்ணீரைக் கிழித்துக்கொண்டு நகரவேண்டும். விமானமோ 11 கிலோமீட்டர் உயரத்துக்குப் போய், அங்கே இருக்கிற மெல்லிய காற்றில் ஓடுகிறது. கப்பலின் வேகத்தை இரட்டிப்பாக்கினால் அதே தூரத்துக்கு ஏறக்குறைய நாலு மடங்கு எண்ணெய் செலவாகும். அந்தக் கப்பல் மணிக்கு 28 கடல்மைல் வேகத்தில் ஓடியது. ஆள் நிறைந்து போனாலே 100 கிலோமீட்டருக்குத் தலைக்குச் சுமார் 17 லிட்டர். விமானத்துக்கு 3 லிட்டர் சுமாருக்கு முடிந்துவிடும்.

அதற்காக விமானத்தைக் கும்பிடச் சொல்லவில்லை. சிங்கப்பூர் 3,000 கிலோமீட்டர், ஒரு வழிக்கு உங்கள் பங்கு 90 லிட்டர். திருமங்கலத்திலிருந்து மதுரைக்கு நூறு நாள் ஸ்கூட்டரில் வந்துபோகிற பெட்ரோல் அது.

சரி, அப்படியானால் பழைய கப்பல்களும் ஊதாரிகளா? இல்லை. 1926 முதல் 1973 வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிய ‘ரஜூலா’வை எடுத்துக்கொள்ளுங்கள். குயினில் ஏறக்குறைய பாதி நீளம்தான் இருக்கும். வேகம் மணிக்கு 13 கடல்மைல் சுமார். ஆனால் ஆரம்பத்தில் மேல்தளப் பயணிகள், அதாவது அறை இல்லாமல் தளத்திலேயே படுத்துப் போகிறவர்கள் மட்டும் 5,000 பேருக்கு மேல் ஏற்ற அனுமதி இருந்தது. மெதுவாக ஓட்டியும் ஆளை அடுக்கியும்தான் அங்கே எண்ணெய் மிச்சமானது. மிச்சம் பிடித்தது ஏறியவர்களின் உடம்பில்.

மேலூர்ப் பக்கம் எங்கள் தாத்தா மூன்று தடவை பினாங்கு போய்வந்தவர். தளத்தில் அவர் இடம் ஒரு கோரைப்பாய் அகலம். பக்கத்து ஆள் புரண்டால் இவரும் புரளவேண்டும். கடைசியாக ஊர் திரும்பிய பிறகு, எங்கள் வீட்டுத் திண்ணையில் நாலு பேர் தாராளமாகப் படுக்கலாம், இவர் ஓரத்தில் பாயை விரித்து, முழங்காலை வயிற்றோடு மடக்கி, தகரப்பெட்டியை அணைத்தபடி ஒருக்களித்துத்தான் படுப்பார். “காலை நீட்டிப் படுங்களேன், யாரு வந்து முட்டப் போறா?” என்று அப்பத்தா தினமும் சொல்வாள். நீட்டுவார். நான் விடியற்காலையில் எழுந்து பார்க்கும்போது கால் மறுபடி மடங்கியிருக்கும். பாயின் பாதி சுருக்கமே விழாமல் அப்படியே கிடக்கும்.

அதை ‘நிதானமான பயணம்’ என்று சொல்லாதீர்கள் பொன்மணி. புத்தகத்தில் படித்துவிட்டு ஏங்குகிற காலம் இல்லை அது. அந்தக் கூட்டத்தில் யாரும் பூமிக்காகப் பாயில் படுக்கவில்லை, டிக்கெட்டுக்கு அவ்வளவுதான் காசு இருந்தது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். 1985 இல் ‘சிதம்பரம்’ கப்பல் தீப்பிடித்ததோடு அந்தத் தடமே நின்றுபோனது. இன்று கிடைப்பது உல்லாசக் கப்பல், நீச்சல்குளத்தையும் சேர்த்துச் சுமக்கும். அதனால் விமானத்திலேயே போங்கள். ஆனால் வருஷத்துக்கு மூன்று தடவை, மூன்று மூன்று நாளுக்கு ஓடவேண்டாம். ஒரே தடவை போய் அக்காவோடு ஒரு மாதம் இருந்துவிட்டு வாருங்கள்.