எழுபது கருவிகளுக்கு நடுவே ஒரு செல்லோ

கேள்வி: அனுமதி இலவசமான ஒரு மேற்கத்திய இசை ஆர்கெஸ்ட்ரா கச்சேரிக்கு முதன்முறையாகச் செல்லவிருக்கிறேன். ஏறத்தாழ எழுபது பேர் கொண்ட குழுவுடன், ஒலிபெருக்கி இல்லாமல், வயலின் இனத்தைச் சேர்ந்த பெரிய கருவியான செல்லோவைக் கலைஞர் ஒருவர் தனித்து வாசிப்பாராம். அந்த ஒற்றைக் கருவி காதில் விழுமா?

பதில்: விழும். ஆனால் இதே ஐயம் பெரிய இசையமைப்பாளர்களையே தயங்க வைத்திருக்கிறது. செல்லோவின் அடித்தந்தி ஏறத்தாழ 65 ஹெர்ட்ஸிலும் (நொடிக்கு 65 அதிர்வுகள்) மேல்தந்தி 220 ஹெர்ட்ஸிலும் சுருதி சேர்க்கப்படுகின்றன. உச்ச ஸ்தாயியில் வாசிக்கும்போது வயலின் மற்றக் கருவிகளுக்கு மேலே தனித்துக் கேட்கும். செல்லோ பெரிதும் புழங்கும் இடைப்பகுதியிலோ வியோலா, பஸூன், ஹார்ன் ஆகியவையும் ஒலிப்பதால், அவை சற்று ஓங்கினாலே அதன் குரல் மூழ்கிவிடும். செக் இசைமேதை அன்டோனின் த்வோர்ஷாக் இக்கருவி தனிவாசிப்புக்கு ஏற்றதன்று என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தார். 1894இல் நியூயார்க்கில், செல்லோ கலைஞரான விக்டர் ஹெர்பர்ட் தாமே இயற்றி வாசித்த கான்செர்ட்டோவை (தனிக்கருவி ஒன்றும் முழுக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) கேட்ட பிறகு அவர் மனம் மாறியது. அந்த ஆண்டின் இறுதியில் பி மைனர் என்னும் சுருதியில் அமைந்த தம்முடைய செல்லோ கான்செர்ட்டோவை எழுதத் தொடங்கினார்.

அதில் அவர் கையாண்ட முறையை அறிந்துகொண்டு சென்றால் கச்சேரியை இன்னும் நெருக்கமாகக் கேட்கலாம். முதல் மூன்று நிமிடங்களுக்கு மேல் செல்லோவுக்கு வேலையே இல்லை. டிராம்போன் என்னும் உரத்த ஊதுகருவிகள் உள்ளிட்ட முழுக்குழுவும் தன் வலிமையையெல்லாம் காட்டி ஓய்ந்த பின்னரே அது நுழைகிறது. அதன் பிறகு, செல்லோ பாடும் பல இடங்களில் புல்லாங்குழல், கிளாரினெட் போன்ற சில கருவிகள் மட்டும் உடன்வருவதும், அது ஓய்வெடுக்கும் இடங்களில் முழுக்குழுவும் பொங்கியெழுவதுமாக இசை நகர்கிறது. எனவே தனிக்கலைஞரின் விரல்களை மட்டும் கவனிக்காமல், அவர் வாசிக்கும்போது யார் யார் மௌனமாக இருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். அந்த அடக்கத்தில்தான் இசையமைப்பாளரின் திறமை மிகுதியும் வெளிப்படுகிறது என்பது என் உறுதியான கருத்து.

ஆங்கில இசையமைப்பாளர் எட்வர்ட் எல்கர் 1919இல் அரங்கேற்றிய ஈ மைனர் செல்லோ கான்செர்ட்டோ இதற்கு நேர்மாறாகத் தொடங்குகிறது. முதல் நொடியிலேயே செல்லோ ஏறக்குறைய தனியாகப் பேசுகிறது. போதிய ஒத்திகை இல்லாததால் அரங்கேற்றம் சோபிக்கவில்லை. 1965இல் செல்லோ கலைஞர் ஜாக்குலின் து ப்ரே செய்த ஒலிப்பதிவுதான் உலகெங்கும் அதற்குப் பெரும் வரவேற்பைத் தேடித்தந்தது. உங்கள் நிகழ்ச்சிநிரலில் எந்தப் படைப்பு இருக்கிறது என்று பார்த்து, அதை முன்கூட்டி ஒருமுறையேனும் கேட்டுவிட்டுச் செல்லுங்கள்.

திறந்தவெளிக் கச்சேரியாக இருந்தால் நிலைமை வேறு. ஒலியைத் திருப்பியனுப்பச் சுவர்கள் இல்லாததால் அங்கே பெரும்பாலும் ஒலிவாங்கி வைக்கப்படும்.

கேள்வி: எப்போது கைதட்ட வேண்டும்? தவறான இடத்தில் தட்டிவிடுவேனோ என்று அச்சமாக இருக்கிறது.

பதில்: கான்செர்ட்டோ பொதுவாக மூன்று பகுதிகளைக் கொண்டது, எல்லாம் முடிந்த பிறகு தட்டுவதே இன்றைய வழக்கம். எல்லாப் படைப்புகளும் இக்கணக்கில் அடங்குவதில்லை. எல்கருடையதில் நான்கு பகுதிகள் உண்டு. பிரெஞ்சு இசையமைப்பாளர் சேன்-சான் 1872இல் எழுதிய முதல் செல்லோ கான்செர்ட்டோ இடைவெளியின்றி ஒரே ஓட்டமாகச் செல்கிறது. ஆகவே பகுதிகளை எண்ணுவதைவிட, கையசைத்துக் குழுவை வழிநடத்தும் நடத்துநர் கைகளை முழுவதுமாகத் தாழ்த்தி அவையை நோக்கித் திரும்பும்வரை பொறுத்திருப்பதே நல்லது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒவ்வொரு பகுதிக்குப் பிறகும் தட்டுவது இயல்பாகவே இருந்தது என்பதால், இடையில் தட்டிவிட்டாலும் நீங்கள் கூசத் தேவையில்லை.

கேள்வி: இலவசம் என்றால் தரம் குறைவாக இருக்குமோ?

பதில்: அப்படி எண்ணாதீர்கள். கலைஞர்களின் உழைப்புக்கான செலவை அரசோ நன்கொடையாளரோ கல்வி நிறுவனமோ ஏற்றுக்கொள்வதால்தான் உங்களிடம் கட்டணம் கேட்கப்படுவதில்லை. பல இடங்களில் இலவச நிகழ்ச்சிக்கும் முன்பதிவு உண்டு. செல்ல இயலாமற்போனால் அதை உடனே ரத்துசெய்துவிடுங்கள். பணம் போகவில்லை என்று விட்டுவிட்டால், வெளியே காத்திருக்கும் ஒருவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய இருக்கை வீணாகிவிடும். இருக்கை எண் குறிக்கப்படாத அரங்கமாயின் முன்னதாகவே சென்று, ஓரங்களைத் தவிர்த்து நடுப்பகுதியில் அமருங்கள். செல்லோவின் ஒலித்துளைகள் அவையை நோக்கியே இருப்பதால், நேர் எதிரே இருப்பவர்களுக்கு அதன் குரல் தெளிவாகக் கேட்கும்.