ஹெபடைடிஸ் சி குணமான பிறகும் அப்பாவுக்கு ஸ்கேன் எதற்கு?

கேள்வி: நாங்கள் திருமங்கலத்தில் இருக்கிறோம். அப்பாவுக்கு 61 வயது. 1988இல் ஒரு டிராக்டர் விபத்தில் அவருக்கு ரத்தம் ஏற்றினார்கள். இரண்டு வருடத்துக்கு முன் ஹெபடைடிஸ் சி இருப்பது தெரிந்து 12 வாரம் மாத்திரை சாப்பிட்டார். முடித்து மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது வைரஸ் இல்லை. போன வாரம் மதுரையில் கண்புரை ஆபரேஷனுக்குப் போன இடத்தில் 'ஹெச்.சி.வி. பாசிடிவ்' என்கிறார்கள். திரும்ப வந்துவிட்டதா? கல்லீரலின் விறைப்பைப் பார்க்கும் ஃபைப்ரோஸ்கேன் எண் சிகிச்சைக்கு முன் 17, இப்போது 10. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன் எடுக்கச் சொன்னால், "அதான் குணமாயிருச்சே" என்று அப்பா மறுக்கிறார். கிடாவெட்டு வேறு வருகிறது. கொஞ்சம் குடித்தால் பரவாயில்லையா?

பதில்: முதலில் அந்த 'பாசிடிவ்' பற்றிய பயத்தை விடுங்கள். ஆபரேஷனுக்கு முன் பார்க்கும் விரைவுப் பரிசோதனை வைரஸைத் தேடுவதில்லை. வைரஸை எதிர்த்து உடம்பு உண்டாக்கிய ஆன்டிபாடியைத்தான் தேடுகிறது. நோய் போன பிறகும் ஆன்டிபாடி பல வருடம், பெரும்பாலும் ஆயுள் முழுக்க, ரத்தத்தில் இருக்கும். எத்தனை முறை பார்த்தாலும் பாசிடிவ் என்றுதான் வரும். வைரஸ் இருக்கிறதா என்று சொல்வது, வைரஸின் மரபணுவையே தேடும் ஆர்.என்.ஏ. பரிசோதனைதான். மாத்திரை முடித்து 12 வாரம் கழித்து அதில் வைரஸ் இல்லை என்றால் அதைக் குணம் என்றே சொல்கிறோம். அதன்பின் பழைய வைரஸ் தலைகாட்டுவது நூற்றில் ஒருவருக்குக்கூட இல்லை. அந்த ரிப்போர்ட்டைக் கண் டாக்டரிடம் காட்டுங்கள். இரண்டு வருடம் ஆகிவிட்டதே என்று அவர்கள் தயங்கினால் ஆர்.என்.ஏ. ஒருமுறை எடுத்துக் காட்டிவிடலாம். ஆனால் அப்பா இனி ரத்ததானம் செய்ய முடியாது.

ஒருமுறை குணமானால் மறுபடி வராது என்றும் நினைக்க வேண்டாம். அந்த ஆன்டிபாடி பாதுகாப்புத் தராது. சுத்தம் செய்யாத ஊசி, அடுத்தவர் பிளேடு, திருவிழாக் கடையில் குத்தும் பச்சை, இவற்றால் புதிதாகத் தொற்றலாம். சந்தேகம் வந்தால் அப்போதும் பார்க்க வேண்டியது ஆர்.என்.ஏ.தான்.

சரி, ஸ்கேன். அப்பாவின் பிடிவாதம் எனக்குப் புரிகிறது, ஆனால் இதில் அவர் சொல்வது தவறு. இந்த வைரஸைக் கண்டுபிடித்ததே 1989இல்தான். 1988இல் ஏற்றிய ரத்தத்தில் அதைப் பார்க்க வழியே இல்லை. தொற்று அப்போது வந்திருந்தால், முப்பது வருடத்துக்கும் மேலாகச் சத்தமில்லாமல் கல்லீரலைத் தழும்பாக்கிக்கொண்டே இருந்திருக்கிறது. சிகிச்சைக்கு முன் 17 என்பது பெரும்பாலும் சிரோசிஸ்தான், அதாவது கல்லீரல் முழுக்கத் தழும்பேறிய நிலை. ஹெபடைடிஸ் சி-யில் 12.5க்கு மேல் போனாலே அப்படித்தான் எடுத்துக்கொள்கிறோம். மாத்திரை வைரஸை அழித்தது. தழும்பை அது அழிக்கவில்லை.

"இப்போது 10தானே" என்பீர்கள். வைரஸ் போனதும் கல்லீரலின் வீக்கம் வடியும், ஃபைப்ரோஸ்கேன் எண் சட்டென்று இறங்கும். தழும்பும் அதே வேகத்தில் கரைந்தது என்று அதற்கு அர்த்தமில்லை. சிலருக்குப் பல வருடத்தில் தழும்பு குறையவும் செய்கிறது, அது பெரிய சந்தோஷம். ஆனாலும் சிகிச்சைக்கு முன் சிரோசிஸ் இருந்தவருக்கு, எண் இறங்கிவிட்டது என்பதற்காக ஸ்கேனை நிறுத்துவதில்லை.

காரணம் கல்லீரல் புற்றுநோய். வைரஸ் போனதால் அந்த ஆபத்து ஏறக்குறைய 70 சதவீதம் குறைகிறது. மாத்திரையின் பெரிய பலன் இது. மீதி ஆபத்து தழும்புள்ள கல்லீரலில் வருடக்கணக்கில் நிற்கிறது. சின்னதாக இருக்கும்போது கட்டி வலிக்காது, பசியைக் கெடுக்காது. அப்போது பிடித்தால் வெட்டி எடுக்கலாம், ஊசி செலுத்திச் சூட்டால் கருக்கலாம். வயிறு வீங்கி, எடை குறைந்து வந்தால் எங்கள் கையில் இருக்கும் வழிகள் சுருங்கிவிடும். கட்டி இரண்டு மடங்காகப் பெரும்பாலும் சில மாதங்கள் ஆகும், அந்தக் கணக்கில்தான் ஆறு மாதம். சாதாரண வயிற்று அல்ட்ராசவுண்ட், காலையில் வெறும் வயிற்றோடு. கூடவே, கல்லீரல் புற்றுநோய்க்குத் துப்புத் தரும் ஏ.எஃப்.பி. ரத்தப் பரிசோதனையும் பார்க்கலாம். தேதி நினைவிருக்க ஒரு வழி: அழகர் ஆற்றில் இறங்கி மலைக்குத் திரும்பிய வாரம் ஒன்று, தீபாவளி முடிந்த வாரம் ஒன்று. ஃபைப்ரோஸ்கேன் இதற்கு மாற்று அல்ல. அது விறைப்பை அளக்கும், கட்டியைக் காட்டாது.

உணவுக்குழாயில் ரத்தக்குழாய் புடைப்பு இருக்கிறதா என்று எண்டோஸ்கோபி பார்த்தார்களா, பிளேட்லெட் எவ்வளவு என்பதையும் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். இதையே படிக்கும் மற்றவர்களுக்கு: சிகிச்சைக்கு முன் தழும்பு லேசாகவே இருந்து, குடி, சர்க்கரை, கொழுப்புக் கல்லீரல் எதுவும் இல்லையென்றால் இந்த ஸ்கேன் வரிசை உங்களுக்குத் தேவையில்லை.

கிடாவெட்டுக்கு வருவோம். கறி சாப்பிடட்டும். குடி மட்டும் வேண்டாம், ஒரு கட்டிங்கூட. சிரோசிஸ் உள்ளவருக்கு இவ்வளவு வரை பாதுகாப்பு என்று ஓர் அளவை என்னால் சொல்ல முடியாது. பங்காளிகள் வற்புறுத்தும்போது அப்பா தனியாக நிற்கக் கூடாது, நீங்கள் பக்கத்தில் இருங்கள். காபி குடிக்கலாம், அது கல்லீரலுக்கு நல்லதே செய்கிறது. சர்க்கரையும் எடையும் கட்டுப்பாட்டில் இருக்கட்டும். 'கல்லீரலுக்கு நல்லது' என்று யாராவது தரும் லேகியம், சீந்தில் கஷாயம் எதையும் கேட்காமல் கொடுக்காதீர்கள். சீந்திலால் கல்லீரல் கெட்டு வந்தவர்களைப் பற்றிய மருத்துவப் பதிவுகள் நம் நாட்டிலேயே உண்டு. காய்ச்சலுக்கு பாராசிட்டமால் ஒரு நாளில் 2 கிராமுக்கு மேல் போகக் கூடாது. மூட்டு வலிக்குக் கடையில் தானாக மாத்திரை வாங்குவதை நிறுத்தச் சொல்லுங்கள். ஹெபடைடிஸ் பி-க்கு அவர் ரத்தம் பார்த்ததில்லையென்றால் பார்த்து, அந்தத் தொற்றும் அதற்கான எதிர்ப்பும் இல்லையென்றால் தடுப்பூசி போட்டுவிடுங்கள்.

ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ கட்டிப்பிடிப்பதாலோ இது பரவாது. இருந்தாலும் அம்மாவும் நீங்களும் ஒருமுறை ரத்தம் பார்த்துக்கொள்ளுங்கள். யாருக்காவது வைரஸ் இருந்தால், 2018 ஜூலையில் தொடங்கிய தேசியத் திட்டத்தில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். பெரியாஸ்பத்திரியில் விசாரியுங்கள்.

ரத்த வாந்தி, தார் போலக் கறுத்த மலம், கண் மஞ்சள், வயிறு வீக்கம், பகலில் தூக்கமும் பேச்சில் தடுமாற்றமும், இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அடுத்த ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள்.