முதல் தங்கக் காசு: எந்தச் சீட்டு நியாயம்?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். போனஸ் பணத்தில் முதல்முறையாக அரைப் பவுனுக்கு ஒரு தங்கக் காசு வாங்க ஆசை. ஒரே நாளில் இரண்டு கடைகளில் எஸ்டிமேட் சீட்டு வாங்கினேன். இரண்டும் 4 கிராம்தான். ஒன்றில் 42,024 ரூபாய், இன்னொன்றில் 45,306 ரூபாய். அம்மா முதல் கடைக்கே போகச் சொல்கிறார். ஆபீஸில் கூட வேலை பார்க்கும் அக்கா, பேங்க்தான் பாதுகாப்பு என்கிறார். எது நியாயமான விலை?

பதில்: சீட்டுகளைப் படம் எடுத்து அனுப்பியது நல்லதாயிற்று. தங்கம் விலை தினமும் மாறுவதால், 22 கேரட் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்து உங்கள் தொகைகளை அதற்கேற்ப மாற்றியிருக்கிறேன். இனி எந்த நாளில் கடைக்குப் போனாலும் இதே கணக்கை அன்றைய ரேட்டில் போட்டுக்கொள்ளலாம்.

முதல் சீட்டில் இருப்பது 916 காசு, அதாவது ஆயிரத்தில் 916 பங்கு சுத்தத் தங்கம், 22 கேரட். தங்கம் 40,000, செய்கூலி 2 சதவீதம் 800, இரண்டும் சேர்ந்த தொகைக்கு 3 சதவீத ஜிஎஸ்டி 1,224. இரண்டாவது சீட்டில் 999 என்று சின்னதாகப் போட்டிருக்கிறது பாருங்கள், அது 24 கேரட். அதற்குக் கிராம் 10,909 ரூபாய். 22 கேரட் ரேட்டை 22-ஆல் வகுத்து 24-ஆல் பெருக்கினால் இந்த எண் வரும். தங்கம் 43,636, செய்கூலி காசுக்கு 350, ஜிஎஸ்டி 1,320. ஆக, இரண்டு கடையும் ஒரே பொருளை இரண்டு விலைக்கு விற்கவில்லை. பொருளே வேறு.

சரி, எது மலிவு? காசுக்குள் இருக்கும் சுத்தத் தங்கம், கிராமுக்கு என்ன விலை விழுகிறது என்று பாருங்கள். முதல் காசில் சுத்தத் தங்கம் 3.664 கிராம், அதன்படி கிராம் 11,469. இரண்டாவதில் 3.996 கிராம், கிராம் 11,338. அதிக விலைச் சீட்டுதான் உண்மையில் மலிவு. அம்மாவிடம் இதைச் சொன்னால் நம்ப மாட்டார், கால்குலேட்டரைக் காட்டுங்கள்.

ஆனால் இதோடு கணக்கு முடியவில்லை. முதல்முறை வாங்குகிறவர்கள் சறுக்குவது இதற்கப்புறம்தான். நானே சறுக்கியிருக்கிறேன். நகைத் தொழிலுக்கு வருவதற்கு முன்னால் தங்கை கல்யாணத்துக்கென்று கொஞ்சம் கொஞ்சமாக 24 கேரட் காசு சேர்த்தேன். வளையல் எடுக்கப் போனபோது, விற்ற அதே கடை, "பழைய தங்கம் எதுவானாலும் எங்களிடம் 22 கேரட் ரேட்தான்" என்றது. வாங்கும்போது நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. உங்கள் இரண்டாவது காசுக்கு அப்படி நடந்தால், ரேட் அசையாமல் அதே இடத்தில் நின்றாலும் 45,306 கொடுத்ததற்கு 40,000-தான் வரும்.

அதனால் பணம் கட்டுவதற்கு முன்னால் கல்லாவில் இருப்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி: "இதே காசைத் திருப்பிக் கொண்டுவந்தால் எந்த ரேட் போடுவீர்கள், எத்தனை சதவீதம் பிடிப்பீர்கள்? பணமாகத் தருவீர்களா, நகையாகத்தான் எடுக்க வேண்டுமா?" பதிலை பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்குகிற கடையில் நான் வாங்க மாட்டேன்.

எதற்காக வாங்குகிறீர்கள் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். நாலைந்து வருடம் சேர்த்து நகையாக்கும் எண்ணம் இருந்தால், நகை எடுக்கப்போகும் கடையிலேயே 916 காசு வாங்குவது வசதி. பல கடைகள் தங்கள் சொந்தக் காசை எடைக்கு எடை அன்றைய ரேட்டில் மாற்றிக்கொள்கின்றன. அப்போதும் புது நகைக்கு சேதாரமும் ஜிஎஸ்டியும் தனியாகக் கட்ட வேண்டும், இன்றைக்குக் கட்டிய வரி திரும்பாது. விலை ஏறினால் விற்றுப் பணமாக்கத்தான் என்றால் 999 சரி, ஆனால் 24 கேரட் ரேட்டிலேயே திரும்ப எடுக்கும் இடத்தில் மட்டும்.

பேங்க் விஷயம். சுத்தத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பேங்குகள் காசை விற்கும், திரும்ப வாங்காது. விலையும் பெரும்பாலும் கடையைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். கடைசியில் விற்கக் கடைக்குத்தானே வர வேண்டும்?

காசுக்கு சேதாரம் கேட்டால் கொடுக்காதீர்கள். சேதாரம் என்பது நகை செய்யும்போது அறுத்து, ராவி, பற்றவைப்பதில் கழியும் தங்கத்துக்கு. அச்சில் அடிக்கும் காசுக்கு அந்தப் பேச்சே இல்லை. செய்கூலி நியாயம்தான், ஆனால் அளவோடு. அதிலும் ஒரு கிராம் காசு ஏமாற்றும். காசுக்கு 400 ரூபாய் என்றால் சின்னத் தொகையாகத் தெரியும், 10,000 ரூபாய் தங்கத்தில் அது 4 சதவீதம். நாலு ஒரு கிராம் காசுக்குப் பதில் ஒரே நாலு கிராம் காசு வாங்கும் உங்கள் யோசனை சரியானது.

நகை ஒவ்வொன்றிலும் சுத்தத்துக்குச் சான்றாகப் பொறிக்கும், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹெச்யுஐடி குறியீடு 2023 ஏப்ரல் 1 முதல் கட்டாயம். காசு அந்தக் கட்டாயத்துக்குள் வராது. அதனால் நகையில் பார்ப்பதைவிடக் காசில் கூடுதலாகக் கண் வைக்க வேண்டும். 999 காசு என்றால் தயாரித்த ஆலையின் பெயர், சுத்தம், எடை, வரிசை எண் எல்லாம் அட்டையில் இருக்கும். அந்த பிளாஸ்டிக் அட்டையை ஆசைக்கும் பிரிக்காதீர்கள். பிரித்துவிட்டால், திரும்பக் கொடுக்கும்போது மறுபடி சோதிக்க வேண்டும் என்பார்கள், அதற்கொரு பிடித்தமும் வரலாம். 916 காசு என்றால், கேரட் பார்க்கும் மெஷினில் கண் முன்னால் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். தராசு மில்லிகிராம் வரை காட்ட வேண்டும், 4.000 என்று. எடை போடும்போது ஃபேன் காற்றில் கடைசி இலக்கம் ஆடும், அது நிற்கும் வரை காத்திருங்கள்.

இடையில் ஒன்று: பவுனுக்கு 8 கிராம் என்பது நம் ஊர்க் கணக்கு. அசல் பிரிட்டிஷ் சவரன் 7.98 கிராம்தான், அதுவும் 22 கேரட். தெரிந்தவர் ஒருவர் "ராணி தலை போட்ட பவுன்" இருக்கிறது என்று கொண்டுவந்தால், முதல் காசாக அதை வாங்க வேண்டாம். அதில் போலி உண்டு, கண்டுபிடிக்கப் பழக்கம் வேண்டும்.

பில் இல்லாமல் வாங்கினால் ஜிஎஸ்டி மிச்சம் என்று யாராவது சொல்வார்கள். 1,224 ரூபாயை மிச்சம் பிடித்து, நாளைக்கு 916 என்று நிரூபிக்க ஒரு காகிதம்கூட இல்லாமல் நிற்பீர்கள். பில்லில் எடை, சுத்தம், கிராம் ரேட், செய்கூலி, வரி எல்லாம் தனித்தனி வரியாக இருக்கட்டும். அதில் போட்ட ரேட் அன்றைய போர்டில் 22 கேரட்டுக்கு எழுதியதுதானா என்று ஒரு தடவை நிமிர்ந்து பாருங்கள். 916 காசுக்கு 24 கேரட் ரேட்டைப் போட்டு, "கைதவறிவிட்டது மேடம்" என்று திருத்திக் கொடுத்ததை நான் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் பில்லை ஒரு ஜெராக்ஸ் எடுத்துக் காசோடு வையுங்கள். பல கடைகளில் வழவழப்பான தாளில்தான் பில் அடிக்கிறார்கள். பீரோவுக்குள் கொஞ்ச காலம் கிடந்தால் எழுத்தெல்லாம் மங்கிப்போகும்.