சிஸ்டம் சொன்னால் போதுமா?

அன்புள்ள ஐயா,

பாயான் லெப்பாஸில் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். லோரி ஓட்டுநர்களுக்குப் புதிதாகக் கைப்பேசிச் செயலி கொடுத்திருக்கிறார்கள். தாமதத்தை அதுவே கணக்கிட்டுச் சம்பளத்தில் கழித்துவிடுகிறது. பினாங்குப் பாலத்தில் நெரிசல் என்றாலும் கழிவுதான். கேட்டால், "சிஸ்டத்தில அப்படித்தான் காட்டுது" என்கிறார் மேலாளர். சம்பளப் பட்டியலில் கையெழுத்திடுவது நான். "அது ஐடி வேலை, நமக்கெதுக்கு?" என்கிறார்கள் உடன் இருப்பவர்கள். நான் பேசலாமா?

எஸ்., பட்டர்வொர்த்

அன்புள்ள எஸ்.,

பேசுங்கள். கையெழுத்து உங்களுடையது.

மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, அச்சட்டம் அனுமதிக்கும் காரணங்களுக்கு மட்டுமே சம்பளத்தில் பிடித்தம் செய்யலாம் என்கிறது. செயலி போடும் அபராதம் அவற்றில் இல்லை.

ஐடி வேலை என்று ஒதுங்கினால் என்ன ஆகும் என்பதற்கு பிரிட்டன் அஞ்சலகங்களே சாட்சி. அங்கே 1999 முதல் பொருத்தப்பட்ட ஹொரைசன் என்ற கணினி முறை, இல்லாத பற்றாக்குறையைக் கணக்கில் காட்டியது. கிளை நடத்தியவர்கள் கைக்காசைக் கட்டினார்கள். திருட்டு, பொய்க்கணக்கு என்று 900க்கும் மேற்பட்டோர் தண்டிக்கப்பட்டார்கள்; சிலர் சிறைக்கே போனார்கள். உதவி எண்ணை அழைத்த பலருக்குக் கிடைத்த பதில், இந்தச் சிக்கல் உங்களுக்கு மட்டும்தான் என்பது. மென்பொருளில் பிழைகள் இருந்ததை 2019இல் உயர் நீதிமன்றம் உறுதிசெய்தது. தண்டனைகளை ரத்து செய்ய 2024இல் நாடாளுமன்றம் தனிச்சட்டமே போட வேண்டியிருந்தது. பிழை எந்த மென்பொருளிலும் வரும். முறையிட்டவர்களைத் திருடர்களாக்கிவிட்டு மேலிடம் சும்மா இருந்ததே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

உங்கள் நிறுவனத்தில் இதைக் கேளுங்கள். கழிவு தவறென்று ஓட்டுநர் சொன்னால் விசாரித்து மாற்றும் அதிகாரம் யாருக்கு? அந்த ஆளின் பெயர் எங்காவது எழுதப்பட்டிருக்கிறதா? செயலிக்கு ஒப்புதல் கொடுத்த இயக்குநர் வாரியம் சொல்ல வேண்டிய பதில் இது. விசாரணை முடியும்வரை பிடித்தம் நிற்கவும் வேண்டும்.

ஓட்டுநர்களிடம் ஒன்று சொல்லுங்கள்: 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, தங்களைப் பற்றிய பதிவைக் கேட்டுப் பார்க்கவும் தவறைத் திருத்தச் சொல்லவும் அவர்களுக்கு உரிமை உண்டு. நெரிசல் நாட்களின் பதிவுகளைக் கேட்டு வாங்கட்டும். நீங்கள் அந்தக் கழிவுகளைத் தேதியோடு எழுதி மேலாளருக்கும் நிதித் தலைவருக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் வரும்வரை அவற்றுக்குக் கையெழுத்திட இயலாது என்றும் அதிலேயே சொல்லிவிடுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம்.

பதிலே வராவிட்டால் ஓட்டுநர்கள் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம். முடிந்தால் நீங்களும் உடன் போங்கள்.