புரோக்கன் ஃபேமிலி – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வின் பேச்சுப் பகுதிக்குத் தயாராகி வருகிறேன். ‘மாறிவரும் குடும்பம்’ என்ற தலைப்புக்காக நாற்பது ஆங்கிலச் சொற்களைத் திரட்டி வைத்திருக்கிறேன். நியூக்ளியர் ஃபேமிலி, எக்ஸ்டெண்டட் ஃபேமிலி, பிளெண்டட் ஃபேமிலி, கோஹாபிட்டேஷன், சாண்ட்விச் ஜெனரேஷன் என்று நீளும் பட்டியல். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தால் மதிப்பெண் கூடுமா? என் உச்சரிப்பு சுமார்தான், அது பாதிக்குமா? இன்னொன்று. எனக்கு எட்டு வயதாக இருக்கும்போது அப்பாவும் அம்மாவும் பிரிந்துவிட்டார்கள். ‘ஐ கம் ஃப்ரம் எ புரோக்கன் ஃபேமிலி’ என்று சொல்லலாமா, இல்லை இதைவிட நயமான சொல் உண்டா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உச்சரிப்பு இருக்கட்டும். புரியும்படி நிதானமாகப் பேசுங்கள், போதும். நாற்பது சொற்களும் வேண்டாம். அந்தத் தேர்வு 11 முதல் 14 நிமிடம் வரை நடக்கும் ஓர் உரையாடல். சொல்வளம் அதன் நான்கு அளவுகோல்களில் ஒன்று. கேட்ட கேள்வி ஒரு பக்கம் கிடக்க, பட்டியலை ஒப்பித்தால் எதிரே இருப்பவருக்குத் தெரியாதா? அதைவிட, ‘அம்மா என்னை வளர்த்தார்’ என்பதை ‘மை மதர் குரூ மீ’ என்று சொல்லாமல் இருக்கப் பழகுங்கள். நம்மவர்கள் அடிக்கடி இடறும் இடம் அது. ‘குரோ அப்’ பிள்ளை தானாக வளர்வது, ‘பிரிங் அப்’ பெரியவர்கள் வளர்ப்பது. ‘மை மதர் பிராட் மீ அப்.’ இது தடங்கலில்லாமல் வாயில் வந்தால் பட்டியலில் பாதியைக் கிழித்துப் போடலாம்.

உங்கள் கடைசிக் கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன். கொஞ்ச நாளாகவே மனதில் அரித்துக்கொண்டிருக்கும் விஷயம் அது.

உங்கள் குடும்பம் உடைந்தது என்று உங்களுக்கு யார் சொன்னது? முடிந்தது அப்பா அம்மாவின் மணவாழ்க்கை. அதைச் சொல்ல ஆங்கிலத்தில் மிகச் சாதாரணமான வாக்கியம் இருக்கிறது. ‘மை பேரண்ட்ஸ் செப்பரேட்டட் வென் ஐ வாஸ் எய்ட்.’ பிரிந்தவர்கள்தான் அதில் எழுவாய். நீங்கள் எழுதிய வாக்கியத்தைப் பாருங்கள். எழுவாய் நீங்கள். எட்டு வயதுப் பிள்ளை செய்யாத காரியம் அவளுடைய ஊர் பேர் போல ஒட்டிக்கொண்டுவிட்டது. ஒரே கூரைக்குள் பத்து வருஷம் முகம் பார்க்காமல் வாழ்கிற கணவன் மனைவியின் வீட்டை யாராவது புரோக்கன் ஹோம் என்கிறார்களா? ஆள் வெளியேறினால்தான் அந்தப் பெயர் வருகிறது. அதையும் தூக்கிச் சுமப்பது உள்ளே மிஞ்சியிருக்கிற பிள்ளை. நயமான சொல் கேட்கிறீர்கள். நயம் எதற்கு? நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்.

எனக்கு இதில் இவ்வளவு கோபம் வருவதற்குக் காரணம் உண்டு. என்னைப் பெற்றவள் நான் கைக்குழந்தையாக இருந்தபோதே போய்விட்டாள். வளர்த்தவளை அம்மா என்றுதான் கூப்பிட்டேன். ஆறாம் வகுப்பில் ‘மை ஃபேமிலி’ என்று கட்டுரை. ‘மை மதர் இஸ் டால்’ என்று எழுதியிருந்தேன். நோட்டு திரும்பி வந்தபோது ‘மை’க்கும் ‘மதரு’க்கும் நடுவில் கூரை மாதிரி ஒரு செருகல் குறி, அதற்கு மேலே சிவப்பு மையில் ‘ஸ்டெப்’. அழுத்தி எழுதியதில் பின்பக்கம் வரை தடம் விழுந்திருந்தது. வீட்டில் அம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து நோட்டை வாங்கிப் பார்த்தாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. “சிவப்பா என்னமோ போட்டிருக்கே, என்னடி?” என்றாள். ஸ்பெல்லிங் தப்பு என்றேன். “பார்த்து எழுதக் கூடாதா” என்று தலையில் தட்டிவிட்டுப் போனாள்.

அகராதியில் தேடினேன். ‘மாற்றாந்தாய்’ என்று போட்டிருந்தது. ஸ்டெப் என்றால் படி, ஆகவே ஒரு படி கீழே இருப்பவள் போலும் என்று நானே ஒரு விளக்கமும் செய்துகொண்டு வெகுகாலம் திரிந்தேன். அது தப்பு என்று முப்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. படிக்கட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பழைய ஆங்கிலத்தில் ‘ஸ்டேயோப்’ என்ற முன்னொட்டு இழப்பைக் குறித்தது. ‘ஸ்டேயோப்சில்ட்’ என்றால் பெற்றவரை இழந்த குழந்தை. அந்த முன்னொட்டு என் இழப்பைத்தான் சொன்னது. அம்மாவைத் தாழ்த்த வந்த சொல்லே இல்லை. தெரிந்த அன்று அந்த நோட்டைத் தேடினேன். கிடைக்கவில்லை.

சொல் பிள்ளையை என்ன செய்கிறது என்று ஆங்கிலேயரே யோசித்திருக்கிறார்கள். பெற்றோர் பிரிந்தால் பிள்ளை யாரிடம் இருப்பது என்பதற்கு அங்கே ‘கஸ்டடி’ என்றார்கள். போலீஸ் பிடித்து வைப்பதற்கும் அதே சொல்தான். இங்கிலாந்து, வேல்ஸுக்கான 1989-ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டம் அதை எடுத்துவிட்டு ‘ரெசிடென்ஸ்’, ‘காண்டாக்ட்’ என்று வைத்தது. பிள்ளை எங்கே இருப்பது, யாரைப் பார்ப்பது, அவ்வளவுதான். அதிலும் ஒருவர் ஜெயித்தார், ஒருவர் தோற்றார் என்ற தொனி தங்கிவிட்டது. 2014-இல் வந்த சட்டம் இரண்டையும் சேர்த்து ‘சைல்ட் அரேஞ்ச்மெண்ட்ஸ்’, அதாவது பிள்ளைக்கான ஏற்பாடுகள், என்று மாற்றியது. 2022 ஏப்ரல் முதல் அங்கே விவாகரத்துக்கு ஒருவர் மேல் ஒருவர் குற்றம் சொல்லத் தேவையில்லை. இத்தனைக்குப் பிறகும் நீங்கள் பழைய ‘புரோக்க’னைத் தூசு தட்டி எடுத்துக்கொண்டு தேர்வறைக்குள் போகப் போகிறீர்களா?

இனி உங்கள் பட்டியல். நியூக்ளியர் ஃபேமிலி என்பது பெற்றோரும் பிள்ளைகளும் மட்டும் உள்ள குடும்பம், நியூக்ளியர் என்றதும் அணுகுண்டு நினைவுக்கு வரவேண்டாம். லத்தீனில் ‘நியூக்ளியஸ்’ கொட்டைக்குள் இருக்கும் பருப்பு. சாண்ட்விச் ஜெனரேஷனை வைத்துக்கொள்ளுங்கள். வயதான பெற்றோரையும் வளரும் பிள்ளைகளையும் ஒரே சமயத்தில் தாங்குகிறவர்களுக்கு 1981-இல் டோரதி மில்லர் என்ற அமெரிக்கர் வைத்த பெயர். சுமப்பவரின் பக்கம் நின்று வைத்த பெயர் என்பதால் எனக்குப் பிடிக்கும். மற்றவற்றை உங்கள் விருப்பத்துக்கு விடுகிறேன்.

அம்மாவின் கடைசி நாட்களில் மருத்துவமனையில் ஒரு படிவம் கொடுத்தார்கள். நோயாளிக்கு நீங்கள் என்ன உறவு என்று ஆங்கிலத்தில் ஒரு கட்டம். ‘டாட்டர்’ என்று எழுதினேன். கவுண்டரில் இருந்த பெண் வாங்கிப் படித்துப் பார்த்து முத்திரை குத்தினாள்.

உங்களை வளர்த்தவர் யார், அவர் எப்படிப்பட்டவர் என்று ஆங்கிலத்தில் ஐந்து வாக்கியம் எழுதி அனுப்புங்கள். பட்டியலைப் பார்க்காமல் எழுத வேண்டும். இலக்கணத்தை நான் பார்த்துத் தருகிறேன்.