பச்சைத் தூளும் நூறு கிராம் கணக்கும்

கேள்வி: சுருள்பாசி (ஸ்பைருலினா எனும் நீலப்பச்சைப் பாசி) மாத்திரையில் இறைச்சியைவிடப் பல மடங்கு புரதம் இருப்பதாகப் போத்தலில் அச்சிட்டுள்ளார்கள். பிள்ளைகளுக்கு வாங்கலாமா? (பதுளை)

பதில்: பல ஆண்டுகளாக என்னை உறுத்தும் விடயம் இது. உலர்ந்த சுருள்பாசி 100 கிராமில் ஏறத்தாழ 57 கிராம் புரதம் உண்டு என்பது சரி. ஆனால் 100 கிராமை எந்தப் பிள்ளையும் உண்பதில்லை. அரைக் கிராம் மாத்திரை ஆறு விழுங்கினால் 3 கிராம். அதில் கிடைக்கும் புரதம் 2 கிராமுக்கும் குறைவு. ஒரு கோழிமுட்டையிலோ சுமார் 6 கிராம் இருக்கிறது. மேலும், நீர் முழுவதும் வற்றிய தூளை, பெரும்பகுதி நீரான பச்சை இறைச்சியோடு ஒப்பிடுகிறார்கள். நெத்தலிக் கருவாட்டோடு ஒப்பிட்டிருந்தால் அந்த மடங்குக் கணக்கே எழுந்திருக்காது. சுட்டுத்துண்டில் "ஒரு வேளை அளவில்" என்ன இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். அந்த வரி இல்லாத போத்தலை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

கேள்வி: கொழுந்து பறிக்கிறேன், ஐந்து மாதக் கர்ப்பிணி. லயத்துக்கு வந்த ஒருவர், சுருள்பாசித் தூளைக் குடித்தால் கிளினிக் இரும்பு மாத்திரை தேவையில்லை என்று தவணைக்கு விற்றுவிட்டார். (ஹட்டன்)

பதில்: சகோதரி, பிழை உங்களுடையதல்ல. வயிற்றுப் பிள்ளையைக் காட்டி விற்றவருடையது. கர்ப்பிணிக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 27 மில்லிகிராம் இரும்புச்சத்து தேவை. 3 கிராம் சுருள்பாசியில் 1 மில்லிகிராம்கூட இல்லை. அதிலுள்ள விற்றமின் பி12 இலும் பெரும்பகுதி மனித உடலுக்குப் பயன்படாத வடிவத்திலேயே இருக்கிறது. இன்றே கிளினிக் மாத்திரையை மீண்டும் தொடங்குங்கள். சாயத் தண்ணி (வெறுந்தேநீர்) இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும் என்பதால் மாத்திரையோடு அதைக் குடிக்க வேண்டாம். போத்தலையும் தவணைத் துண்டையும் எறிந்துவிடாமல், குடும்ப நல உத்தியோகத்தரிடம் காட்டிவிட்டு, நுகர்வோர் விவகார அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து முறையிடுங்கள்.

கேள்வி: முகநூலில் சுருள்பாசித் தூளைப் பார்த்துப் பணம் அனுப்பினேன். வந்த பொதியில் திகதியும் இல்லை, தயாரித்தவர் பெயரும் இல்லை. சாப்பிடலாமா? (தலவாக்கலை)

பதில்: வேண்டாம். கட்டுப்பாடின்றித் திறந்த நீர்நிலையில் அள்ளிய பாசியில் ஈரலைத் தாக்கும் நச்சுப் பாசியும் கலந்திருக்கக்கூடும். பெயரில்லாத பொதிக்குப் பணத்தை முன்கூட்டியே அனுப்பும் பழக்கத்தை இனியாவது விடுங்கள்.

கேள்வி: சுருள்பாசியில் ஒட்சியேற்ற எதிரிகள் (உடற்கலங்களைச் சிதைவிலிருந்து காக்கும் பொருட்கள்) நிறைந்துள்ளன என்கிறார்களே, உண்மையா? (கண்டி)

பதில்: உண்மைதான். சுருள்பாசியின் நீலநிறமியான பைக்கோசயனினும் பீட்டா கரோட்டினும் அத்தகையவை. ஆனால் ஆய்வுகூடக் குழாயில் தெரியும் வலிமை நோயைத் தீர்க்கும் என்பதற்குச் சான்றாகாது. அந்த நீலம் வெப்பத்தையும் வெளிச்சத்தையும் தாங்காது. நான் ஒருமுறை வெயில்படும் கண்ணாடி அலுமாரியில் வைத்திருந்த தெளிந்த போத்தலைத் திகதியை மட்டும் பார்த்து வாங்கினேன். திறந்தபோது கடும்பச்சைக்குப் பதிலாகக் காய்ந்த வைக்கோல் நிறம். பழைய மீனின் வாடை. ஒரு சிட்டிகையைக் குளிர்ந்த நீரில் இரவு முழுவதும் ஊறவிட்டேன். நல்ல தூளென்றால் நீர் நீலமாகும். எனக்கு மங்கிய மஞ்சள் நீரே மிஞ்சியது. கடைக்காரர் திருப்பி எடுக்கவில்லை. ஒளிபுகாத பொதியாகப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுக்கிறேன். குளோரெல்லா என்ற பச்சை நுண்பாசித் தூளும் சேர்க்கலாமா? (நுவரெலியா)

பதில்: அதில் வார்ஃபரினின் வேலையைக் குறைக்கும் விற்றமின் கே உண்டு; வைத்தியரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

கேள்வி: பத்துக் கோழிகள் வளர்க்கிறேன். மஞ்சள் கரு நிறம் கூடத் தீனில் பாசித்தூள் கலக்கச் சொல்கிறார்கள். (பண்டாரவளை)

பதில்: நிறம் கூடுவது உண்மை. பெரிய பண்ணைகளில் வளர்க்கும் சால்மன் மீனுக்குச் செந்நிறம் தரும் அஸ்டாசாந்தினும் ஒரு நுண்பாசியிலிருந்து எடுக்கப்படுவதுண்டு. ஆனால் பத்துக் கோழிக்கு அந்த விலை கட்டாது. மஞ்சள் சோளத்தோடு முருங்கை இலையையும் அகத்தி இலையையும் நறுக்கிப் போட்டு, மாலையில் புல்லில் மேயவிடுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் முட்டையை உடைத்துப் பார்த்தால் நிறம் தெரியும்.