வாசகர் கேள்வி-பதில்: தேதி தவறும் சம்பளமும் மாற்று வேலையும்

கேள்வி: ஐயா, திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மெர்ச்சண்டைசராக (ஆர்டரைச் சாம்பிள் முதல் சரக்கு அனுப்புவது வரை கவனிப்பவர்) இருக்கிறேன். இந்த மாதத்துடன் நான்கு ஆண்டு எட்டு மாதம் நிறைகிறது. சம்பளம் 28,000 ரூபாய். அதில் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 18,000. முதலாளியின் மகன் பொறுப்பேற்ற பிறகு யார் சொல்வதைக் கேட்பது என்றே புரியவில்லை. காலையில் ஒருவர் ஒப்புக்கொண்ட சாம்பிளை மாலையில் இன்னொருவர் மாற்றச் சொல்கிறார். ஷிப்மென்ட் தாமதமானால் சரக்கை வாங்கும் பையருக்குப் பதில் சொல்வதும் திட்டு வாங்குவதும் நான்தான். ஏழாம் தேதி வந்துகொண்டிருந்த சம்பளம் இப்போது இருபதாம் தேதியைத் தாண்டுகிறது. நாளைக்கே எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடலாமா என்றிருக்கிறது. வீட்டிலோ, வேறு வேலை கிடைக்காமல் விடாதே என்கிறார்கள். என்ன செய்வது?
– வாசகி, அவிநாசி

பதில்: உங்கள் கடிதத்தில் நான் முதலில் அடிக்கோடிட்டது திட்டு வாங்கும் செய்தியை அல்ல, ஏழாம் தேதி இருபதாம் தேதியான செய்தியை. மில் ஒன்றின் பணியாளர் துறையில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நிர்வாகம் குலைவது முதலாளியின் பேச்சில் தெரிவதற்கு முன்பே தேதிகளில் தெரிந்துவிடும். அந்த மில்லுக்கு முன் நான் வேலை பார்த்த இடத்தில் சம்பளக் கவரில் பாதித் தொகையும், மீதிக்கு ஒரு துண்டுச் சீட்டும் இருக்கும். அந்தச் சீட்டுகளை நம்பி ஆறு மாதம் ஓட்டினேன். ஆகவே உங்கள் அவசரம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் நாளைக்கே எழுதிக் கொடுக்க வேண்டாம்.

இன்று இரவே அரசின் உமங் செயலியில் உங்கள் யுஏஎன் எண்ணை (வருங்கால வைப்பு நிதி உறுப்பினருக்கான எண்) கொடுத்து வைப்பு நிதி (பிஎஃப்) பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள். உங்களிடம் பிடித்த 12 சதவீதமும் நிறுவனத்தின் பங்கும் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டப்பட்டிருக்க வேண்டும். சம்பளச் சீட்டில் பிடித்தம் இருக்கிறது, பாஸ்புக்கில் சில மாதங்களாக வரவே இல்லை என்றால், அது உங்கள் பணத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு கட்டாமல் இருப்பதாகும். சட்டம் அதை வெறும் தாமதமாகப் பார்ப்பதில்லை, குற்றமாகவே பார்க்கிறது. அப்படி இருந்தால் சம்பளச் சீட்டுகளுடன் வருங்கால வைப்பு நிதி அமைப்பின் இணையவழிக் குறைதீர்ப்புத் தளத்தில் புகார் பதியலாம். பணியில் இருக்கும்போதே புகார் செய்வதா, வெளியேறிய பின் செய்வதா என்பது உங்கள் முடிவு. என்னைக் கேட்டால், கையில் அடுத்த வேலைக்கான உத்தரவு வந்த மறுநாள் செய்யலாம் என்பேன்.

அடுத்தது கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை. இதை மனத்தில் வைத்துத்தான் அவசரப்பட வேண்டாம் என்றேன். ஐந்தாண்டு தொடர் பணி நிறைந்தால், ஆண்டுக்கு 15 நாள் சம்பளம் என்ற கணக்கில், 18,000 ரூபாயை மாத வேலை நாட்களான 26ஆல் வகுத்து, 15ஆலும் 5ஆலும் பெருக்க, உங்களுக்கு ஏறத்தாழ 51,900 ரூபாய் வர வேண்டும். ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தாலே ஐந்தாண்டு நிறைந்ததாகக் கொள்ளலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் 1998இல் தீர்ப்பளித்திருப்பது உண்மைதான். ஆனால் சம்பளத்தையே இழுத்தடிக்கும் நிறுவனத்திடம் தீர்ப்பைக் காட்டிப் பணம் வாங்குவதைவிட, இன்னும் நான்கு மாதம் இருந்து நாட்காட்டியைக் காட்டி வாங்குவது எளிது. நியமன உத்தரவில் ஒரு மாத நோட்டீஸ் என்று இருந்தால், மூன்று மாதம் வேலை தேடிவிட்டு, கடைசி வேலை நாள் ஐந்தாண்டைத் தாண்டி விழுமாறு கடிதம் கொடுங்கள்.

இதற்கும் ஒரு வரம்பு உண்டு. இரண்டு மாதச் சம்பளம் நிலுவையாகிவிட்டால் அதுவே 56,000 ரூபாய், கிராஜுவிட்டியைவிட அதிகம். அந்த நிலை வந்தால் ஐந்தாண்டுக் கணக்கை மறந்துவிட்டு வெளியேறிவிடுங்கள்.

சம்பளச் சீட்டுகள், நியமன உத்தரவு, சம்பள உயர்வுக் கடிதங்கள், வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றை இப்போதே உங்கள் சொந்த மின்னஞ்சலில் சேர்த்து வையுங்கள். பையரின் டெக் பேக்கையோ (ஆடை வடிவமைப்பு விவரம்) காஸ்டிங் ஷீட்டையோ (விலைக் கணக்கு) மட்டும் தொடாதீர்கள். திருப்பூர் சின்ன ஊர். பழைய கம்பெனியின் காஸ்டிங்கோடு வருபவரை, நம்முடைய காஸ்டிங்கையும் ஒருநாள் எடுத்துக்கொண்டு போவார் என்றுதான் புது முதலாளி நினைப்பார்.

புது நிறுவனத்தைப் பற்றி விசாரிக்க இருவழிகள் உண்டு. முதலாவது, பலருக்குத் தெரியாதது. வைப்பு நிதி அமைப்பின் இணையதளத்தில் நிறுவனங்களைத் தேடும் பக்கம் ஒன்று இருக்கிறது; நிறுவனத்தின் பெயரைக் கொடுத்தால், எந்த மாதச் சம்பளத்துக்கான தொகை எந்தத் தேதியில் கட்டப்பட்டது, எத்தனை பேருக்குக் கட்டப்பட்டது என்ற விவரம் வரிசையாக வரும். உறுப்பினராக இல்லாதவர்களும் பார்க்கலாம். மாதந்தோறும் 15ஆம் தேதிக்குள் கட்டியிருக்கிறார்களா, ஆள் எண்ணிக்கை மாதத்துக்கு மாதம் குறைகிறதா என்பதைக் கவனியுங்கள். முதலில் உங்கள் இப்போதைய நிறுவனத்தையே அதில் தேடிப் பாருங்கள். எப்படிப்பட்ட வரிசையைக் கண்டால் ஒதுங்க வேண்டும் என்பது பழகிவிடும்.

இரண்டாவது வழி உங்கள் தொழிலிலேயே இருக்கிறது. அந்த நிறுவனத்துக்குக் கூலிக்கு வேலை (ஜாப் ஒர்க்) செய்யும் டையிங்காரரையோ பிரிண்டிங்காரரையோ கேளுங்கள். பில் எத்தனை நாளில் வருகிறது என்ற ஒரே கேள்வி போதும். சனிக்கிழமை மாலை அந்த வாசலில் உள்ள டீக்கடையில் பத்து நிமிடம் நின்றால், வாரக்கூலி கைக்கு வந்ததா என்பதும் காதில் விழும்.

நேர்காணலில் ஏன் விலகுகிறீர்கள் என்று கட்டாயம் கேட்பார்கள். முதலாளி மகனின் கதையைச் சொல்லத் தொடங்கினால் நிறுத்த முடியாது, சொல்ல வேண்டாம். 'ஆர்டர் ஒப்புதலுக்கு ஒரே பொறுப்பாளர் இருக்கும் இடத்தில் வேலை செய்ய விரும்புகிறேன்' என்பது உண்மை, அது போதும். மிச்ச நேரத்தில் எத்தனை பையர், எத்தனை ஸ்டைல், எத்தனை பீஸ் கையாண்டீர்கள் என்று எண்களாகச் சொல்லுங்கள். பிறகு நீங்களும் ஒரு கேள்வி கேளுங்கள்: இங்கே சாம்பிளுக்குக் கடைசி ஒப்புதல் தருபவர் யார்? பதில் சொல்ல நேர்காணல் செய்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டால் நன்றி சொல்லி எழுந்துவிடலாம்.

ராஜினாமாக் கடிதம் மூன்று வரி இருந்தால் போதும். குறைகளை அதில் எழுத வேண்டாம். மின்னஞ்சலிலும் அனுப்பி, நகலில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்குங்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, விலகுபவரின் சம்பள பாக்கியை இரண்டு வேலை நாட்களுக்குள் தீர்க்க வேண்டும். நாற்பத்தைந்து நாள் ஆகும் என்று பழைய வழக்கத்தைச் சொல்வார்கள். நீங்கள் சட்டத்தைச் சொல்லுங்கள். பிஎஃப் தொகையை எடுத்துவிடாமல் புதுக் கணக்குக்கு மாற்றுங்கள், ஏனெனில் பென்ஷனுக்குப் பத்தாண்டுப் பணி வேண்டும். பழைய நிறுவனம் விலகிய தேதியைப் பதியாமல் இழுத்தால், கடைசிப் பங்களிப்புக்கு இரண்டு மாதம் கழித்து அதை நீங்களே யுஏஎன் தளத்தில் பதியலாம்.

கேள்வி: ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் டிப்ளமோ என்ஜினீயராக இருக்கிறேன். சேரும்போது சரிபார்ப்புக்கு என்று அசல் சான்றிதழ்களை வாங்கியவர்கள் திருப்பித் தரவில்லை. இரண்டு ஆண்டுக்குள் விலகினால் ஒரு லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று பாண்டும் உண்டு. நண்பர்கள் பாண்ட் செல்லாது என்கிறார்கள். உண்மையா?
– வாசகர், ஓசூர்

பதில்: நண்பர்கள் சொல்வதில் பாதிதான் உண்மை. விஜயா வங்கி வழக்கில், மூன்றாண்டுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அது திறந்த போட்டியில் ஆள் எடுக்கும் பொதுத்துறை வங்கி; ஒருவர் இடையில் போனால் மறுபடி ஆள் எடுக்க ஆகும் செலவு அங்கே கணக்கில் கொள்ளப்பட்டது. உங்கள் தொழிற்சாலை உங்களுக்கு என்ன பயிற்சி தந்தது, எவ்வளவு செலவழித்தது என்பதுதான் கேள்வி. மிஷின் முன் நிறுத்தி முதல் நாளே ஷிப்டு பார்க்கச் சொன்னார்கள் என்றால் ஒரு லட்சத்தை நியாயப்படுத்துவது அவர்களுக்குக் கடினம்.

சான்றிதழ் விஷயம் வேறு. அவற்றைப் பிணையாக வைத்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை இல்லை. கொடுத்த அன்று ரசீது வாங்கவில்லை என்றால், பாண்டைப் பற்றி ஒரு சொல்லும் எழுதாமல், இன்னின்ன சான்றிதழ்களை இன்ன நாளில் சரிபார்ப்புக்காக ஒப்படைத்தேன், திருப்பித் தரவும் என்று இன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். பிறகு பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பவோ காவல் நிலையத்தில் புகார் தரவோ நேர்ந்தால், அந்த மின்னஞ்சல்தான் உங்கள் கையில் இருக்கும் முதல் சான்று.